ஃபியூஸில் எழுதியிருக்கும் இரண்டு எண்கள்

எலக்ட்ரிக்கல் கடையில் பல்பு வாங்க நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த ஒரு கண்ணாடி ஃபியூஸை எடுத்து மேசையில் வைத்தார்.

“அண்ணே, எங்க தெருவுல வோல்டேஜ் எகிறுது. டிவியில இருந்த இந்த 250 வோல்ட் ஃபியூஸ் தாங்கல. 300 வோல்ட்ல ஒண்ணு குடுங்க.”

கடைக்காரர் அதை வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியின் உட்புறம் முழுக்கக் கருப்படித்திருந்தது. “இதே ஃபியூஸ்தாங்க போடணும். ஆனா போட்டாலும் நிக்காது” என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கேட்டவரின் கணக்கைப் பார்ப்போம். ஃபியூஸில் 250 வோல்ட் என்று எழுதியிருக்கிறது, 250-ஐத் தாண்டினால் அது போய்விடும், 300 போட்டால் தாங்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இப்படி நினைப்பவர்கள் ஏராளம், வயரிங் வேலை பார்ப்பவர்களிலும் உண்டு. ஆனால் அந்த எண் சொல்வது வேறு விஷயம்.

‘கரண்ட்’ என்ற ஒற்றைச் சொல்

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் பேச்சுதான். மின்சாரம் நின்றால் “கரண்ட் போச்சு”. ஷாக் அடித்தால் “கரண்ட் அடிச்சிருச்சு”. மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் “கரண்ட் கம்மியா வருது”. இந்தக் கடைசி வாக்கியத்தில் உண்மையில் குறைந்திருப்பது வோல்டேஜ். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் இரண்டு எண்களையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

ஆகவே இந்தக் கட்டுரை முடியும் வரைக்குமாவது பிரித்து வைத்துக்கொள்வோம். வோல்டேஜ் என்பது தள்ளும் விசை, மேல்நிலைத் தொட்டியின் உயரம் மாதிரி. அதன் அளவு வோல்ட். கரன்ட் என்பது கம்பிக்குள் உண்மையில் ஓடுவது, குழாயில் நொடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது மாதிரி. அதன் அளவு ஆம்பியர். தொட்டி உயரத்தில் இருந்தும் குழாயை மூடி வைத்திருந்தால் ஓட்டம் கிடையாது. சுவிட்ச் போட்டும் எதையும் செருகாத பிளக்கில் வோல்டேஜ் உண்டு, கரன்ட் இல்லை என்பது இதுதான்.

ஃபியூஸ் என்ற சொல்லையும் நாம் விட்டுவைக்கவில்லை. பல்பு எரிந்து போனாலும் “ஃபியூஸ் போச்சு”தான். மந்தமாக உட்கார்ந்திருப்பவனும் ‘பீஸ் போன பல்பு’தான். பில் கட்டாத வீட்டில் “ஈ.பி.காரங்க பீஸைப் புடுங்கிட்டுப் போயிட்டாங்க” என்பதில் மட்டும்தான் நிஜமான ஃபியூஸ் வருகிறது. மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பீங்கான் கட்டை, ஃபியூஸ் கேரியர்.

ஆம்பியர் எண்: கம்பி உருகும் வரைக்குமான கதை

ஃபியூஸ் என்பது வேண்டுமென்றே மெலிதாக வைக்கப்பட்ட ஒரு துண்டுக் கம்பி. கரன்ட் ஓடும் எந்தக் கம்பியும் சூடாகும். கரன்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். சுவருக்குள் போகும் ஒயர் சூடாகிக் கருகுவதற்கு முன்னால், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கும் இந்த மெலிந்த கம்பி உருகி அறுந்துவிட வேண்டும். ஃபியூஸின் வேலை அவ்வளவுதான். அது காப்பாற்றுவது ஒயரை. டிவியையோ உங்களையோ அல்ல.

இங்கே வரும் முதல் தவறான நம்பிக்கை: 10 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 10 வரை தாங்கும், 10.1 ஆனதும் போய்விடும். அப்படி எந்த ஃபியூஸும் இல்லை.

அடியில் ஓட்டை விழுந்த ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாயைத் திறக்கிறீர்கள். விழும் தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் ஓட்டை வழியே அத்தனையும் போய்விடும், தொட்டி நிரம்பவே நிரம்பாது. இன்னும் கொஞ்சம் திறந்தால் மெல்ல மெல்ல ஏறி, அரை மணியில் வழியும். அண்டா அண்டாவாகக் கொட்டினால் நொடியில் வழியும். தண்ணீரின் இடத்தில் சூட்டை வையுங்கள், வழிவதற்குப் பதில் உருகுவது. ஃபியூஸ் கம்பி ஒரு பக்கம் சூட்டை வாங்குகிறது, மறுபக்கம் காற்றுக்கும் முனைகளுக்கும் கடத்திவிடுகிறது. லேசாக அளவு மீறினால் உருக நெடுநேரம் ஆகும். ஷார்ட் சர்க்யூட் ஆனால், அதாவது இரண்டு ஒயரும் நேராக ஒட்டிக்கொண்டு கரன்ட் பல மடங்கு பாய்ந்தால், நொடியில் ஒரு சிறு பகுதியிலேயே போய்விடும். சித்திரை வெயிலில் காயும் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் ஃபியூஸ் கொஞ்சம் சீக்கிரம் போவதும் இதே காரணத்தால்தான். அங்கே தொட்டி ஏற்கெனவே பாதி நிறைந்திருக்கிறது.

எண்ணுக்கும் உருகும் அளவுக்கும் எவ்வளவு இடைவெளி? டிவி, சார்ஜர் போன்றவற்றில் வரும் 20 மில்லிமீட்டர் நீளக் கண்ணாடி ஃபியூஸை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய வழக்கத்தை ஒட்டிய தரவிதிப்படி, வேகமாக உருகும் வகை தன் எண்ணைப் போல் ஒன்றரை மடங்கு கரன்ட்டை ஒரு மணி நேரமாவது தாங்கியாக வேண்டும். 2.1 மடங்கு வந்தால் அரை மணிக்குள் உருகியாக வேண்டும். அமெரிக்க விதி வேறு: 1.35 மடங்கிலேயே ஒரு மணிக்குள் போய்விட வேண்டும். ஒரே ‘10 ஆம்பியர்’, கடல் தாண்டினால் வேறு பொருள்! இரண்டு ஊர்க்காரர்களும் ஒத்துப்போகும் ஓர் இடம், எழுதிய எண் உருகும் எண் அல்ல என்பது.

பழைய பீங்கான் ஃபியூஸ் இருக்கும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கம்பி போனால், கிடக்கும் ஒயரின் தோலை உரித்து இரண்டு செம்பு இழையை முறுக்கிக் கட்டிவிடுவார்கள். கடையில் ‘நாற்பது எழுபத்தாறு’ என்று கேட்டு வாங்குகிற ஒயரில் இருப்பது 40 இழைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.19 மில்லிமீட்டர் தடிமன். அப்படி ஓர் இழை சுமார் 5 ஆம்பியர் ஃபியூஸாக வேலை செய்யும், 7 ஆம்பியர் வாக்கில் உருகும். அது வரைக்கும் சரி. மறுபடி போகிறதே என்று மூன்று, நான்கு, ஆறு என்று இழைகளைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் ஃபியூஸாகிவிடும். ஒயரைவிட மெலிந்ததாக இருக்கும் வரைதான் அதற்குப் ஃபியூஸ் என்று பெயர்.

இதுவரை: ஆம்பியர் எண் என்பது கம்பி உருகாமல் நிம்மதியாகச் சுமக்கும் கரன்ட். அதைத் தாண்டினால் எப்போது உருகும் என்பது எவ்வளவு தாண்டினோம் என்பதைப் பொறுத்தது. இதில் வோல்டேஜுக்கு வேலையே இல்லை. உருகுவதற்கு முன் ஃபியூஸின் இரு முனைகளுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு வோல்ட்கூட இருப்பதில்லை. தன்னைத் தள்ளுவது 12 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று அந்தக் கம்பிக்குத் தெரியாது.

வோல்ட் எண்: உருகிய பிறகு நடப்பது

கம்பி உருகியதும் நிலைமை தலைகீழ். கரன்ட் நின்றால், அதுவரை சும்மா இருந்த வோல்டேஜ் முழுவதும் அறுந்த இரு முனைகளுக்கு நடுவே வந்து நிற்கும். வோல்ட் எண் பேசத் தொடங்குவது இந்த நொடியில்தான்.

வயலோர வாய்க்காலின் மேல் ஒரு தென்னை மரத்தைப் போட்டுப் பாலமாக வைத்திருக்கிறார்கள். மரம் எவ்வளவு எடை தாங்கும் என்பது ஆம்பியர் எண். எடை கூடிப்போய் மரம் முறிந்து விழுந்தது, சரி. இப்போது கேள்வி வேறு: வாய்க்கால் எவ்வளவு அகலம்? ஆட்டுக்குட்டி தாண்ட முடியாத அகலத்தைக் காளை ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடும். தாண்டும் திறன்தான் வோல்டேஜ். வாய்க்காலின் அகலம்தான் ஃபியூஸின் வோல்ட் எண். மரம் முறிந்தும் மாடு அக்கரைக்குப் போய்விட்டால் மரம் முறிந்து என்ன பயன்?

மின்சாரத்தில் அந்தத் தாண்டலுக்குப் பெயர் ஆர்க். காற்றும் உலோக ஆவியும் பல ஆயிரம் டிகிரி சூட்டில் தாமே மின்கடத்தியாக மாறி எரிவது. வெல்டிங் பட்டறையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெல்டர் ராடை இரும்பில் ஒரு தட்டுத் தட்டி, மெல்லத் தூக்குவார். நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெறும் இடைவெளி. ஆனாலும் நூறு ஆம்பியர் வரை அதன் வழியே பாய்ந்துகொண்டே இருக்கும். ஒருமுறை பற்றிக்கொண்ட பிறகு அதைத் தாங்கிப் பிடிக்க 20, 30 வோல்ட்டே போதும். ராடை இன்னும் தூக்கினால் ஆர்க் நீண்டு, மெலிந்து, அணைந்துவிடும்.

ஃபியூஸ் கம்பி உருகும்போது உள்ளே நடப்பதும் அச்சு அசலாக இதேதான். உருகிய இடத்தில் ஒரு குட்டி வெல்டிங். இடைவெளி போதுமான அளவுக்கு நீண்டால் ஆர்க் அணையும். நீளாவிட்டால் கம்பி போன பிறகும் கரன்ட் போய்க்கொண்டே இருக்கும், உறை வெடிக்கும், சுற்றியிருப்பது பற்றிக்கொள்ளும். “இந்த ஃபியூஸ், இத்தனை வோல்ட் வரைக்கும் உள்ள சர்க்யூட்டில், உருகினால் ஒழுங்காக அணைந்து முடியும்” என்ற உத்தரவாதம்தான் வோல்ட் எண்.

இங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. கடையில் அட்டையில் சுற்றி விற்கும் ஃபியூஸ் கம்பிக்கு ஆம்பியர் உண்டு, வோல்ட் கிடையாது. 240 வோல்ட், 415 வோல்ட் என்பதெல்லாம் பீங்கான் கட்டையின் மேல்தான் பொறித்திருக்கும். மரத்தை எந்தத் தோப்பிலிருந்தும் வெட்டி வரலாம், வாய்க்காலின் அகலம் வெட்டியபடிதான்.

மூன்று இடங்களில் ஐந்து ஆம்பியர்

காரின் ஹாலோஜன் ஹெட்லைட் பல்பு 60 வாட், பேட்டரி 12 வோல்ட். வகுத்தால் 5 ஆம்பியர். வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட், 230 வோல்ட். வகுத்தால் 4.3 ஆம்பியர். 60 வாட் பல்பு 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைவிட அதிக ஆம்பியர் இழுக்கிறது! வாட்டைப் பார்த்து ஃபியூஸ் வாங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

இப்போது தெருமுனைக்குப் போவோம். அங்கே 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் நுழைவது 11,000 வோல்ட், மூன்று பேஸ். முழுச் சுமையில் அந்த 11,000 வோல்ட் பக்கத்தில் ஒவ்வொரு பேஸிலும் ஓடும் கரன்ட் 5.2 ஆம்பியர். தெருவுக்கே வெளிச்சம் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இழுப்பது, ஏறத்தாழ ஒற்றை இஸ்திரிப் பெட்டி இழுக்கும் அளவு!

ஆக மூன்றும் கிட்டத்தட்ட ஒரே ஆம்பியர். மூன்றுக்கும் ஒரே ஃபியூஸ் போடலாமா? காரில் இருப்பது நகம் அளவு பிளாஸ்டிக் ஃபியூஸ். 5 ஆம்பியருக்கு வெளிர் பழுப்பு, 10-க்குச் சிவப்பு, 15-க்கு நீலம் என்று நிறம் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் 32 வோல்ட் வரைக்கும்தான். வீட்டில் பீங்கான் கட்டை. டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலே அண்ணாந்து பார்த்தால், பல இடங்களில், பீங்கான் மேல் மாட்டுக் கொம்பு போல விரிந்து நிற்கும் கம்பி ஜோடிகள் தெரியும். கீழே குறுகி, மேலே அகன்று. கொம்பின் அடிப்பகுதியில்தான் ஃபியூஸ் கம்பி. அது உருகினால் பிறக்கும் ஆர்க், தன் சூட்டாலும் காந்த விசையாலும் கொம்பின் வழியே மேலே ஏறும். ஏற ஏறக் கொம்புகள் விலகுவதால் நீண்டு, நீண்டு, அறுந்துவிடும். ராத்திரியில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ‘டமார்’ என்ற சத்தத்தோடு நீல வெளிச்சம் வெட்டித் தெருவே இருண்டால், பல சமயம் நீங்கள் பார்த்தது அந்த ஏற்றத்தைத்தான்.

கம்பி மூன்றிலும் மெலிதுதான். வாய்க்கால் மட்டும் வேறு வேறு.

அதனால் ஃபியூஸ் மாற்றும்போது வோல்ட் எண்ணை உயர்த்தலாம், இறக்கக் கூடாது. அகன்ற வாய்க்காலால் ஆட்டுக்குட்டிக்கு ஒன்றும் கெடுதல் இல்லை. 32 வோல்ட் ஃபியூஸை 230-இல் போடுவதுதான் ஆபத்து. அது சாதாரண நாளில் சமர்த்தாக வேலை செய்யும் என்பதுதான் இதில் மோசமான விஷயம். தப்பு, உருக வேண்டிய அந்த ஒரு நாளில்தான் தெரியவரும்.

ஏசி வேறு, டிசி வேறு

வீட்டுக்கு வரும் ஏசி நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு முறை சுழியைத் தொடும், ஆக நொடிக்கு 100 முறை கரன்ட் ஒரு கணம் நின்று கிளம்புகிறது. அந்தக் கணத்தில் ஆர்க் அணைவதற்கு நல்ல வாய்ப்பு. காளை மூச்சு வாங்க நிற்கும்போது கயிறு போடுவது மாதிரி.

பேட்டரி, சோலார் பேனல் தருவது டிசி. அதில் இந்த ஓய்வு கிடையாது. பற்றிக்கொண்டால் பற்றிக்கொண்டதுதான், நீட்டி அறுத்தால்தான் உண்டு. ஆகவே ஏசிக்கு 250 வோல்ட் என்று எழுதிய ஃபியூஸை டிசிக்கும் 250 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மொட்டை மாடி சோலாரில் இது விளையாட்டு அல்ல. ஒரு பேனல் 45 வோல்ட் என்றால் 14 பேனல்களைத் தொடராகக் கோத்ததும் 630 வோல்ட் டிசி. அதற்கென்று 1000 வோல்ட் டிசி என்று அச்சிட்ட ஃபியூஸ்கள் தனியாக வருகின்றன. வெயில் அடிக்கும்போது அதைக் கையால் இழுத்துப் பிடுங்கினால், வெல்டர் ராடைத் தூக்கிய கதைதான்.

இதுவரை: ஆம்பியர் எண் உருகும் முன், வோல்ட் எண் உருகிய பின். இரண்டாவதில் ஏசியா டிசியா என்பதும் சேர்த்திதான்.

மூடியில் இருக்கும் பொடி எழுத்து

கண்ணாடி ஃபியூஸின் உலோக மூடியைக் கொஞ்சம் வெளிச்சத்தில் திருப்பினால் ‘டி 3.15 ஏ எல் 250 வி’ என்கிற மாதிரி பொடி எழுத்தில் பொறித்திருக்கும். படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். எண்கள் இரண்டும் நமக்குத் தெரிந்தவை. ‘டி’ என்றால் நிதானமாக உருகும் வகை. மோட்டார் போன்றவை கிளம்பும்போது ஒரு கணம் பல மடங்கு கரன்ட் இழுக்கும், அதற்கெல்லாம் பதறாதது. அந்த இடத்தில் ‘எஃப்’ இருந்தால் வேகமாக உருகுவது. இந்த எழுத்துகள் ஜெர்மன் சொற்களிலிருந்து வந்தவை. மாற்றும்போது இதையும் பார்த்தே வாங்க வேண்டும்.

‘எல்’ என்பது உடைக்கும் திறன். அதாவது ஃபியூஸ் தான் சிதறாமல் நிறுத்தக்கூடிய அதிகபட்சக் கரன்ட். ‘எல்’ வகைக்கு அது 35 ஆம்பியர், அல்லது ஃபியூஸ் எண்ணின் பத்து மடங்கு, எது பெரிதோ அது. ‘எச்’ வகைக்கு 1500 ஆம்பியர். ஷார்ட் சர்க்யூட்டில் நூற்றுக்கணக்கில் பாய வாய்ப்புள்ள இடத்தில் ‘எல்’ வைத்தால், கம்பியோடு கண்ணாடியும் போகும். ‘எச்’ வகையில் பெரும்பாலும் வெள்ளைப் பீங்கான் குழாய், பலவற்றில் உள்ளே மணல். ஆர்க்கின் சூட்டை மணல் உறிஞ்சி, தானே உருகிக் கண்ணாடியாகி வழியை அடைத்துவிடும். தொழிற்சாலைப் பேனல்களில் ‘எச்ஆர்சி’ என்று வருவதும் இந்த வம்சம்தான். அதில் 80,000 ஆம்பியர் என்பதெல்லாம் சாதாரணம்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல மீட்டருக்குள் இருப்பது 600 அல்லது 1000 வோல்ட் மணல் ஃபியூஸ். விலை கூடுதல் என்று அந்த இடத்தில் கண்ணாடி ஃபியூஸைச் செருகிவிடுகிறார்கள். அது வெடித்தால் வெடிப்பது உங்கள் உள்ளங்கைக்குள்.

ஃபியூஸ் கண்டுகொள்ளாதவை

ஷாக் அடிப்பதை ஃபியூஸ் கண்டுகொள்ளாது. ஆளைக் கொல்ல ஆம்பியரில் ஆயிரத்தில் சில பத்துப் பங்கு போதும், 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது கொசுக்கடி. அந்த வேலைக்கு இருப்பது ஆர்சிசிபி, கரன்ட் கசிவதைக் கண்டு இணைப்பை அறுக்கும் சுவிட்ச். வீடுகளுக்குப் போடுவது ஆம்பியரில் ஆயிரத்தில் 30 பங்கு கசிந்தாலே விழுந்துவிடும்.

வோல்டேஜ் ஏறுவதையும் ஃபியூஸ் கண்டுகொள்ளாது. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் சில வீடுகளுக்கு 230-க்குப் பதில் 400 வரைகூட ஏறும். பல்புகள் பளீரென்று எரிந்து போகும், ஃபேன் பறக்கும், ஃபியூஸ் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்படியானால் அந்த மனிதரின் டிவி ஃபியூஸ் எப்படிப் போனது? அவர் சொன்னதில் பாதி நிஜம். பல டிவி போர்டுகளில் ஃபியூஸுக்கு அடுத்து காசு அளவில் ஒரு வட்டு நிற்கும், பெரும்பாலும் நீல நிறத்தில். அதன் பெயர் வேரிஸ்டர். சாதாரண வோல்டேஜில் அது கரன்ட்டை விடாது. வோல்டேஜ் எல்லை மீறினால் வழியைத் திறந்துவிடும். கரன்ட் தடதடவென்று அதன் வழியே பாயும், ஃபியூஸ் உருகும், பின்னால் இருக்கும் போர்டு தப்பிக்கும். வோல்டேஜ் ஏறியதைக் கரன்ட்டாக மொழிபெயர்த்து ஃபியூஸுக்குச் சொல்லும் ஆள் அது.

கடைக்காரர் விளக்கில் காட்டிப் பார்த்ததும் இதற்குத்தான். கொஞ்சமாகச் சுமை கூடிப் போன ஃபியூஸில் கம்பி நடுவில் அறுந்து, கண்ணாடி தெளிவாகவே இருக்கும். உள்ளே கருப்பாகவோ முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளப்பாகவோ பூச்சு படிந்திருந்தால் கம்பி ஒரே அடியில் ஆவியாகியிருக்கிறது, பின்னால் எங்கோ பெரிய ஷார்ட்.

“தம்பி, டிவியப் பிரிச்சாச்சுல்ல? ஃபியூஸுக்குப் பக்கத்துல நீலமா ஒரு வட்டு இருக்கும். வெடிச்சிருக்கான்னு பாருங்க.”

அவர் செல்போனை எடுத்து, ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். வட்டு குறுக்கே பிளந்து, ஓரம் கருகியிருந்தது.

“அத மாத்தாம எத்தன ஃபியூஸ் போட்டாலும் இதே கலர்லதான் திரும்பி வருவீங்க” என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் அதே 250 வோல்ட் ஃபியூஸில் இரண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.